காருக்கடியில் ஒரு சத்தம்: சஸ்பென்ஷன் வேலைக்கு நம்பக்கூடிய கராஜைத் தேடிப்பிடிக்க முழுமையான வழிகாட்டி

என்னுடைய டொயோட்டா எக்ஸியோ ‘டொக், டொக்’ என்று தட்டத் தொடங்கியது ஒரு மாரிகாலத்தில். முதலில் போன கராஜில் காரை நிறுத்தியதும் முன்பக்கத்தைக் கையால் இரண்டு தரம் அமுக்கினார்கள். “ரெண்டு ஷொக்கும் போயிட்டுது அண்ணை” என்றார்கள். மாற்றினேன். சத்தம் போகவில்லை. பிறகு சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோவர் ஆம் இரண்டையும் மாற்றினார்கள். கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. காசு கொடுத்தவனுடைய காது அப்படித்தான் கேட்கும். ஒரு கிழமையில் சத்தம் பழையபடி திரும்பி வந்தது.

மூன்றாவது தடவை வேறொரு இடம். வயதான ஒரு மெக்கானிக் என்னையே ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்துச் சீற்றில் ஏறினார். குண்டும் குழியுமான ஓர் ஒழுங்கைக்குள் மெதுவாக விடச் சொன்னார். இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தார். திரும்பி வந்து, சக்கரம் தரையில் நிற்கும்போதே கீழே கையை விட்டு ஒரு கம்பியைப் பிடித்து ஆட்டினார். அதே ‘டொக்’. ஸ்டபிலைசர் லிங்க். விரல் தடிப்பில் ஒரு கம்பி, இரண்டு முனையிலும் சின்னப் பந்து மூட்டு. விலை ஒரு ரயரின் விலைக்குக் கிட்டவும் வராது.

போல்ட் கழற்றத் தெரிந்தவர்கள் ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். எந்தப் போல்ட்டைக் கழற்ற வேண்டும் என்று தெரிந்தவரை எப்படித் தேடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதன்முறையாகக் கார் வாங்கியவர்களை, அதிலும் ஜப்பானில் ஓடி இலங்கையில் வந்திறங்கிய காரை வாங்கியவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

இந்தக் கார்களுக்கு மட்டும் ஏன் தனிக் கவனம்?

நாங்கள் ‘ரீகண்டிஷன்’ என்று சொல்லும் காரை யாரும் எதுவும் கண்டிஷன் பண்ணுவதில்லை. ஜப்பானில் ஒருவர் பாவித்தது, ஏலத்தில் போய், கப்பலேறி வந்தது, அவ்வளவுதான். பனி கொட்டும் வட பகுதிகளில் ஓடிய காராக இருந்தால், வீதியில் தூவிய உப்பு அடிப்பாகத்தைத் தின்றிருக்கும். மேலே கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். கீழே போல்ட்டுகள் துருவில் ஒட்டிப்போய் இருக்கும். மீற்றர் காட்டும் கிலோமீற்றர் உண்மைதானா என்பது இன்னொரு கதை.

இதோடு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த கார்களையே எல்லோரும் இழுத்து ஓட்டினோம். பத்து, பதினைந்து வயதுக் காரில் ரப்பர் புஷ்கள் வெடித்திருப்பது அதிசயமில்லை. ஆகவே கராஜ்காரர் “எல்லாம் பழசு, எல்லாத்தையும் மாத்தோணும்” என்று சொன்னால் அது பொய்யென்று உடனே சொல்லிவிட முடியாது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

முதற்படி: சத்தத்தை நீங்களே கேளுங்கள்

கராஜுக்குப் போகுமுன் ஒருநாள் வானொலியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, தனியாக ஓட்டுங்கள். டிக்கியில் கிடக்கும் ஜக், ஸ்பானர், தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுத்து வையுங்கள். லூசாகக் கிடந்த ஜக்கைத் தேடி சஸ்பென்ஷனை முழுதாகக் கழற்றிய கதை எனக்குத் தெரியும்.

சின்னச் சின்னக் குழிகளில் மெதுவாகப் போகும்போது மட்டும் தட்டினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஸ்டபிலைசர் லிங்கை. கார் நிற்கும்போது ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்ப ‘டொய்ங்’ என்று ஸ்பிரிங் துள்ளும் சத்தம் வந்தால், ஷொக்கின் தலையில் இருக்கும் மவுண்டும் அதன் பேரிங்கும். பிரேக் பிடிக்கும்போது ஒரு ‘தும்’ கேட்டு, கார் ஒரு பக்கம் இழுத்தால் லோவர் ஆமின் பின் புஷ். மேடு ஏறி இறங்கிய பிறகும் கார் படகு போல இரண்டு மூன்று தரம் ஆடினால் ஷொக். வேகம் கூடக்கூட ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலும் கூடி, வளைவில் அந்த இரைச்சல் மாறினால் அது அனேகமாக வீல் பேரிங். சஸ்பென்ஷனோடு அதற்குத் தொடர்பில்லை.

இதெல்லாம் தீர்ப்பு அல்ல, ஊகம்தான். ஆனால் ‘முன்பக்கம் இடது, 20 கிலோமீற்றர் வேகத்தில், குழியில் மட்டும்’ என்று சொல்லும் வாடிக்கையாளரிடம் கராஜ்காரர் பேசும் விதமே வேறு.

பிறகு ரயரைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் வாள் பல் மாதிரி உறுத்தினால் டோ என்கிற சக்கரக் கோணம் பிழை. அலை அலையாகப் பள்ளம் விழுந்திருந்தால் ஷொக் வேலை செய்யவில்லை. உள்விளிம்பு மட்டும் மொட்டையானால் கோணம் பிழைத்திருக்கிறது, அல்லது ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது. ரயர் பொய் சொல்லாது. நாலு ரயரையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

இரண்டாம் படி: சேசிஸ் இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள்

‘எக்ஸியோ 2010’ என்று சொல்லி பாகம் வாங்கப் போகாதீர்கள். ஜப்பான் கார்களைப் பிரிப்பது அவற்றின் சேசிஸ் குறியீடுதான். எக்ஸியோவிலேயே என்.இசட்.ஈ. 141 என்றால் இரண்டு சக்கர இழுவை, 144 என்றால் நான்கு சக்கர இழுவை. அடுத்த தலைமுறையின் ஹைபிரிட் என்.கே.ஈ. 165. வெளியே ஒரே பெயர்ப்பலகை. உள்ளே பாகம் மாறலாம். எஞ்சின் அறைக்குள் இருக்கும் தகட்டையும் வாகனப் பதிவுப் புத்தகத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதை வைத்தே கராஜையும் சோதிக்கலாம். பாகத்தின் விலையைக் கேட்டதும் “சேசிஸ் நம்பரைச் சொல்லுங்கோ” என்கிறவர் ஒரு படி மேலே. கேட்காமலே விலை சொல்பவர், வந்த பாகம் பொருந்தாவிட்டால் தட்டிப் பொருத்துபவராகவும் இருக்கக்கூடும்.

மூன்றாம் படி: எங்கே தேடுவது?

மூன்று வகை இடங்கள் இருக்கின்றன. முதலாவது, டொயோட்டா லங்கா, ஹொண்டாவுக்கு ஸ்டபோர்ட் மோட்டர் கம்பனி போன்ற முகவர் நிலையங்கள். ஒழுங்கு இருக்கும், பற்றுச்சீட்டு இருக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். புஷ் ஒன்று போனால் முழு லோவர் ஆமையும் மாற்றச் சொல்வது அங்கே வழக்கம். அதில் தப்பும் இல்லை. இரண்டாவது, அப்படியான நிலையங்களில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து சொந்தமாக நடத்துபவர்கள். மூன்றாவது, வீதியோரக் கராஜ்.

என் வோட்டு இரண்டாவது வகைக்கு. கல்கிசையில் இருக்கும் இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்தில் படித்தவர்களை ‘ஜேர்மன் டெக் ஆள்’ என்று சொல்வார்கள். அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊர்க் கராஜ்களில் இன்னமும் மரியாதை உண்டு. என்.வி.கியூ. என்ற தொழிற்தகைமைச் சான்றிதழை மாட்டி வைத்திருந்தாலும் நல்லது. ஆனால் சுவரில் தொங்கும் சான்றிதழ் முதலாளியுடையதா, உங்கள் காருக்கடியில் படுக்கப்போகும் பொடியனுடையதா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

ஆட்களை விசாரிக்கும்போது “நல்ல கராஜ் எது?” என்று கேட்டால் எல்லோரும் தங்கள் மச்சானுடையதைச் சொல்வார்கள். “ஒரே பிரச்சினைக்கு இரண்டாம் தரம் போக வேண்டி வந்ததா? போனபோது என்ன முகம் காட்டினார்கள்?” என்று கேளுங்கள். வாடகைக்குக் கார் ஓட்டுபவர்களிடம் கேட்பது இன்னும் நல்லது. கார் ஒருநாள் நின்றால் அவர்களுக்கு வருமானம் போகிறது. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்குமாக ஓடும் வான் சாரதி ஒருவர் சொல்லும் கராஜ், விளம்பரம் போட்ட பத்துக் கராஜுக்குச் சமம்.

அவசரமில்லை என்றால் சஸ்பென்ஷன் வேலையோடு போகாதீர்கள். பிரேக் சுத்தம் செய்வது, ஒயில் மாற்றுவது என்று சின்ன வேலையொன்றைக் கொடுத்துப் பாருங்கள். சொன்ன நேரத்துக்குத் தருகிறார்களா, வீல் நட்டை எப்படி இறுக்குகிறார்கள், சீற்றில் கிரீஸ் கை பட்டதா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

நான்காம் படி: முதல் சந்திப்பில் பார்க்க வேண்டியவை

கட்டடத்தைப் பார்க்காதீர்கள். ரைல்ஸ் பதித்து ஏசி போட்ட காத்திருப்பு அறை சஸ்பென்ஷனைச் சரிசெய்யாது. உங்களோடு காரில் ஏறி ஒரு சுற்றுப் போய் வரத் தயாராக இருக்கிறார்களா என்பதே முதல் கேள்வி. காரை ஓட்டிப் பார்க்காமலே பாகத்தின் பெயரைச் சொன்னால், நன்றி சொல்லிவிட்டுத் திறப்பை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். நான் அன்றைக்குச் செய்திருக்க வேண்டியது அதுதான்.

அடுத்தது, எப்படிப் பரிசோதிக்கிறார்கள்? கையால் அமுக்கிப் பார்ப்பது முழுதாகச் செத்த ஷொக்கை மட்டுமே காட்டும். அரைவாசி தேய்ந்ததைக் காட்டாது. காரைத் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது ஸ்டபிலைசர் லிங்கின் ஆட்டம் மறைந்துவிடலாம். விஷயம் தெரிந்தவர் சக்கரத்தில் பாரம் இருக்கும்போது ஒரு தரமும், தூக்கி ஒரு தரமும் பார்ப்பார். நெம்புகோலை வைத்துப் புஷ்ஷை நெம்பிக் காட்டுவார். “வாங்கோ, நீங்களும் பாருங்கோ” என்று காருக்கடியில் கூப்பிடுவார். கூப்பிட்டால் உடுப்பு அழுக்காகும் என்று பார்க்காமல் போங்கள்.

ஷொக்கின் உடம்பில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் பயப்படத் தேவையில்லை. எண்ணெய் வழிந்து புழுதி கட்டியாக ஒட்டியிருந்தால்தான் ஒழுக்கு. இரண்டையும் பிரித்துச் சொல்பவரை நம்பலாம்.

கராஜுக்குள் முறுக்குவிசைச் சாவி, அதாவது டோர்க் ரென்ச், இருக்கிறதா? ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி ஒழுங்கானதா? அமுக்கிய ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் வலுவோடு காத்திருப்பது. அதைக் கயிற்றால் கட்டிக் கழற்றுகிற இடத்தில் உங்கள் கார் மட்டுமல்ல, அந்தப் பொடியனும் இருக்கக் கூடாது. பிரியஸ், அக்குவா மாதிரி ஹைபிரிட் என்றால் ஜக் வைக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும். செம்மஞ்சள் நிறத்தில் போகும் உயர் மின்னழுத்த வயர்களின் பக்கம் கை போகக் கூடாது.

ஐந்தாம் படி: ஒரே ஒரு கேள்வி

கேட்பதற்கு ஆயிரம் இருந்தாலும் நான் இப்போது எல்லா இடத்திலும் இதைத்தான் கேட்கிறேன்:

“அண்ணை, லோவர் ஆம் போட்டாப் பிறகு புஷ் போல்ட்டை எப்ப இறுக்குவியள்?”

சரியான பதில்: “காரை இறக்கி, சக்கரத்தில பாரம் வந்தாப் பிறகு.”

ரப்பர் புஷ்ஷின் நடுக் குழாய் போல்ட்டோடு இறுகிவிடும். லோவர் ஆம் மேலும் கீழும் அசையும்போது ரப்பர்தான் முறுகும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், கார் தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுகியே இருக்கும். புதுப் புஷ் சில மாதங்களில் கிழியும். அதற்குப் பிறகு “இப்ப வாற சாமான் எல்லாம் தரமில்லை அண்ணை” என்பார்கள். சாமானில் குறையில்லை. இறுக்கிய நேரம் பிழை.

இந்தக் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்லும் மெக்கானிக் கிடைத்தால் அவரை விடாதீர்கள். “உங்களுக்கு ஏன் அது?” என்று சீறினால் அதுவும் ஒரு பதில்தான்.

விருப்பமென்றால் இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். புது ஷொக்கைப் பொருத்துமுன் நிமிர்த்திப் பிடித்துச் சில தரம் இழுத்து அமுக்குகிறாரா? உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்ற அது தேவை. ஷொக்கின் பளபளக்கும் தண்டைக் குறட்டால் பிடிக்கிறாரா? அதில் ஒரு கீறல் விழுந்தால் சீல் கிழிந்து ஒழுகத் தொடங்கும்.

ஆறாம் படி: பாகம் எங்கே வாங்குவது?

கொழும்பில் மருதானைக்குப் பக்கத்தில் பஞ்சிகாவத்தை. வாகன உதிரிப்பாகம் என்றாலே நாடு முழுக்கச் சொல்லும் பெயர். தமிழில் பேசி வாங்கலாம், பேரம் பேசலாம், ஏமாறலாம். மூன்றுக்கும் வசதி உண்டு.

சஸ்பென்ஷன் பாகங்கள் நாலு தரத்தில் கிடைக்கும்: கம்பனிப் பெட்டியில் வரும் ஒரிஜினல்; கே.வை.பி. ஷொக், 555, சி.டி.ஆர். போல் ஜொயின்ட் மாதிரிப் பெயரெடுத்த மாற்றுத் தயாரிப்புகள்; பெயர் தெரியாத மலிவு; ஜப்பானில் கழற்றி வந்த பாவித்த பாகம். என் கணக்கில் இரண்டாவது தரம் போதும். பெயரெடுத்தவற்றுக்குப் போலிப் பெட்டிகளும் வருவதால், பற்றுச்சீட்டில் பாகத்தின் இலக்கத்தை எழுதித் தரும் கடையிலேயே வாங்குங்கள்.

பாவித்த பாகத்தில் ஸ்பிரிங், கனமான இரும்புக் குறுக்குச் சட்டம் ஆகியவற்றை வாங்கலாம். பாவித்த ஷொக்கை வாங்காதீர்கள். ஒருவருடைய பழசைக் கழற்றி இன்னொருவருடைய பழசைப் போடுவது அது. பழைய ஷொக்கில் துளையிட்டு எண்ணெய் நிரப்பித் தருபவர்களும் இருக்கிறார்கள். பாகமே கிடைக்காத அபூர்வக் காருக்கு வேறு வழியில்லை. விட்ஸ், வெசல், வகன்ஆர் வைத்திருப்பவருக்கு அது தேவையில்லாத வேலை. அடி முட்டுகிறதென்று ஸ்பிரிங் சுருளுக்குள் ரப்பர் துண்டு செருகுவதும் அப்படித்தான்.

ஷொக்கை எப்போதும் சோடியாக மாற்றுங்கள். முன் இரண்டு, அல்லது பின் இரண்டு. லிங்க், போல் ஜொயின்ட் தனியாக மாற்றலாம்.

கராஜ்காரரே வாங்கித் தந்தால் அவருக்குக் கடையில் ஒரு கழிவு கிடைக்கும். அது உலக வழக்கம். நான் அதற்குச் சண்டை பிடிப்பதில்லை. பாகம் பிழைத்தால் பொறுப்பும் அவருடையது என்று முதலிலேயே பேசிக்கொள்கிறேன். நீங்களே வாங்கிக் கொடுத்தால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில்.

ஏழாம் படி: எழுத்தில் வாங்குங்கள்

வேலை தொடங்குமுன் ஒரு தாளில் பாகம், அதன் தரம், கூலி, எத்தனை நாள், எத்தனை மாத உத்தரவாதம் என்பவை இருக்க வேண்டும். “கழட்டினாத்தான் தெரியும்” என்று சொன்னால் அது பல நேரங்களில் உண்மையே. துருப்பிடித்த போல்ட் உடையும். அப்படியென்றால் ‘மேலதிகச் செலவு வந்தால் கேட்டுவிட்டே செய்வோம்’ என்ற ஒரு வரியை எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகம் எல்லாம் உங்களுக்கு வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் பழைய இரும்புக்காரன் கொண்டுபோய்விட்டிருப்பான்.

எட்டாம் படி: எலைன்மென்ட்

லோவர் ஆம், ஸ்டியரிங்கின் ரக் என்ட், ஷொக் எதைக் கழற்றினாலும் கடைசியில் வீல் எலைன்மென்ட் பார்க்க வேண்டும். இயந்திரம் காட்டும் ‘முன்’, ‘பின்’ அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். பல ஜப்பான் சின்னக் கார்களில் இலகுவாகத் திருத்தக்கூடியது முன்பக்க டோ மட்டும்தான். கேம்பர், அதாவது சக்கரம் சாயும் கோணம், தாளில் சிவப்பில் நின்றால் எதுவோ வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. அதைத் தேடாமல் துளையை அராவிப் பெரிதாக்கிச் சரிக்கட்டும் கைவேலைக்குச் சம்மதிக்காதீர்கள். ஸ்டியரிங் நேராக இருக்கிறதா என்பதை அங்கேயே ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

ஐரோப்பியக் கார் என்றால்

பென்ஸ், அவுடி, லேண்ட் ரோவர்களில் சிலவற்றுக்கு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை. காலையில் பார்க்கும்போது ஒரு மூலை மட்டும் தாழ்ந்து நின்றால் பை கசிகிறது. கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடி, கடைசியில் கம்பிரசர் எரியும். கம்பிரசரை மட்டும் மாற்றிவிட்டுப் பையை அப்படியே விட்டால் புதிதும் எரியும். அந்தக் காரோடு பேசக்கூடிய ஸ்கேனர் இல்லாத கராஜில் இந்த வேலையைத் தொடவே விடாதீர்கள். சவர்க்காரத் தண்ணீர் தெளித்துக் கசிவைத் தேடுவது பழைய முறை; இன்றைக்கும் அதைவிட நம்பகமானது அதிகமில்லை.

வேலை முடிந்த பிறகு

அதே ஒழுங்கை, அதே குழி, அதே வேகம். மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஓடுங்கள். சத்தம் இருந்தால் அங்கேயே சொல்லுங்கள்; “ஓட ஓடச் சரிவரும்” என்ற பதிலை ஏற்காதீர்கள். புது ரப்பர் பாகம் கொஞ்சம் இறுக்கமாக இருக்கலாம், தட்டாது. ஆயிரம் கிலோமீற்றருக்குள் ஒரு தரம் கொண்டுபோய் நட்டுகளைச் சரிபார்க்கக் கேளுங்கள். நல்ல கராஜ் அதற்குக் காசு கேட்பதில்லை.

ஏமாற்றப்பட்டீர்கள் என்றால் முதலில் தாளைக் காட்டி அமைதியாகப் பேசுங்கள்; பெரும்பாலானவை அதிலேயே தீரும். தீராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பொருளை மட்டுமல்ல, சேவையையும் உள்ளடக்குகிறது. எழுத்தில் முறைப்பாடு கொடுக்கும்போது கையில் பற்றுச்சீட்டு இருக்க வேண்டும். ஆகவே தயவுசெய்து, எவ்வளவு தெரிந்த ஆளாக இருந்தாலும், தாள் இல்லாமல் திறப்பைக் கொடுக்காதீர்கள்.